இன்னும் பாலிஷ் போடலையா

"அக்கா, நிர்மலா மேடம் போன் பண்ணாங்க" என்று அர்ச்சுனன் சொன்ன விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று வஹிதாவுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் அவன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்வான். இன்றைக்கு மரத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"என்னவாம்?"

"புது ஓட்டலுக்குப் பதினெட்டு டேபிளும் நம்மளையே செய்யச் சொல்லிட்டாங்க." இழைப்புளி ஒரு தடவை போய் வந்தது. "பாலிஷுக்கு மட்டும் கிருஷ்ணகிரியிலருந்து ஆள் வரச் சொல்றாங்களாம்."

வஹிதா கையில் இருந்த உப்புத்தாளை வாளித் தண்ணீருக்குள் போட்டாள்.

"ஏனாம்?"

"போன வாரம் பிரபாகர் சார் வூட்டுக்கு விசேஷத்துக்குப் போயிருந்தாங்களாம். அங்க டைனிங் டேபிள் உரிஞ்சு கெடக்குதாம். யாரு பாலிஷுன்னு கேட்டிருக்காங்க. வஹிதாம்மான்னு சொல்லியிருக்காங்க."

"என் பி.யூ. பாலிஷ் உரியாது."

"விடுக்கா. இந்த வருசம் மழ ஜாஸ்தி. ஈரத்துக்கு..."

"மழ என்ன டைனிங் டேபிள் மேலயா பேஞ்சுது?"

அவன் ஏற்கெனவே வழவழப்பாக இருந்த பலகையை மறுபடியும் இழைத்தான்.

பாலக்கோட்டில் மாரண்டஹள்ளி ரோட்டோரம் இருக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. மரவேலை அர்ச்சுனன், பாலிஷ் வஹிதா. வெளியே தொங்கும் போர்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். அவன் கைவேலையில் குறை சொல்ல யாராலும் முடியாது. மூட்டு போட்டான் என்றால் தபால் கவர் கூட நடுவில் நுழையாது. அவளோ பெங்களூரில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் எட்டு வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்துவிட்டு ஊர் திரும்பியவள். ஊரில் அவளைத் தெரிந்தவர்களில் சிலருக்கு அவள் கையால் தெரியும், மற்றவர்களுக்கு அவள் வாயால் தெரியும். கணவன் நூர் பாஷா, அவள் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, "யாரயாச்சும் திட்டறதுன்னா சாப்புட்டப்புறம் திட்டு" என்பான்.

இன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வேலை போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. வேலை வரும், போகும். ஆனால் பாலக்கோட்டில் ஒரு பேச்சு கிளம்பினால் அது தக்காளி லோடோடு ஏறிக்கொள்ளும். காலையில் மண்டியில் சொன்னது சாயங்காலத்துக்குள் கோலார் வரைக்கும் போய்விடும். 'வஹிதா போட்ட பாலிஷ் உரியுது' என்று ஒருத்தர் வாயில் வந்துவிட்டால், பிறகு அவள் ஊர் முழுக்கப் போய் ஒவ்வொருத்தர் வாயையும் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. அதுவும் எந்த டேபிளைச் சொல்கிறார்கள்? அவள் இதுவரை போட்டதிலேயே மிகவும் பார்த்துப் பார்த்துப் போட்ட டேபிளை.

அந்த டேபிளுக்கு என்ன பூசுவது என்று தேர்வு செய்யவே அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிரபாகர் தக்காளி மண்டி வைத்திருப்பவர். புது வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடும் டேபிள் வேண்டும், தேக்கில் வேண்டும், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்றார். அவள் அதே தேக்கில் ஐந்து துண்டு அறுத்து வாங்கி, ஒன்றுக்கு ஸ்பிரிட் பாலிஷ், ஒன்றுக்கு வார்னிஷ், ஒன்றுக்கு லாக்கர், ஒன்றுக்கு மெலமைன், ஒன்றுக்கு பி.யூ. என்று பூசி, நன்றாகக் காயவிட்டு, ஐந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவருடைய மண்டிக்கே போனாள். ஓரத்தில் அழுகிக் கிடந்த தக்காளியை எடுத்து ஐந்தின் மேலும் நசுக்கினாள். பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற டீயை வாங்கி, டம்ளரோடு ஒவ்வொன்றின் மேலும் வைத்து எடுத்தாள். எண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவினாள். மறுநாள் வந்து ஐந்தையும் அவர் முன்னாலேயே கழுவினாள். மண்டி ஆட்கள் கூடிநின்று சிரித்தார்கள். "தக்காளிக்கு நானே இவ்ளோ பரீட்சை வெச்சதில்ல" என்றார் பிரபாகர்.

ஸ்பிரிட் பாலிஷ் டீ டம்ளருக்கே வெளுத்துப்போனது. லாக்கரில் வெள்ளை வட்டம். வார்னிஷில் மஞ்சள் இறங்கிவிட்டது. மெலமைன் தாக்குப்பிடித்தது, ஆனால் தக்காளி இருந்த இடத்தில் லேசாக மங்கியிருந்தது. பி.யூ. மட்டும் நேற்று பூசியது போல இருந்தது.

"இது ரெண்டு டப்பாங்க" என்று அவருக்கு விளக்கினாள். "மருந்து ஒண்ணு, அது இறுகறதுக்கு ஹார்ட்னர் ஒண்ணு. அளவு பாத்துக் கலக்கணும். கலந்துட்டா காத்துகிட்டு இருக்காது, மிச்சம் வெச்சா டப்பாவுலயே கல்லாயிரும். மரத்து மேல ஒருதரம் இறுகிருச்சுன்னா அப்புறம் தின்னர் ஊத்துனாக்கூட அசையாது. அதுலயும் மேட் போடலாங்க. மின்னாது. ஆனா தெனம் பத்துப் பேரு தட்டு இழுக்கற டேபிள்ல மினுக்குப் போட்டா ஒவ்வொரு கீறலும் தெரியும்."

பிரபாகர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பி.யூ. துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். மேட்டில் நான்கு கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் உப்புத்தாள் தேய்ப்பு. பூசி முடித்துப் பத்து நாள் அதன் மேல் ஒரு டம்ளர் கூட வைக்கவிடவில்லை. இதெல்லாம் வைகாசியில்.

இப்போது ஐப்பசி. அதற்குள் உரிந்துவிட்டதாம்.

வஹிதா தின்னர் கேனையும் ஒரு பொட்டலம் வேஸ்ட் துணியையும் பைக்குள் போட்டாள்.

"எங்கக்கா போறீங்க?" என்றான் அர்ச்சுனன். இப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"என் டேபிளப் பாக்க."

"நான் வேணா போயிட்டு வர்றேனே. நீங்க போனா சண்டையாயிரும்."

"ஆவட்டும்" என்று வண்டியைக் கிளப்பினாள்.

பிரபாகரின் வீடு காரிமங்கலம் ரோட்டில். வாசலில் பளிங்கு, படியில் பளிங்கு, கைப்பிடிக்கு எஃகு. மின்னாத பொருள் எதுவும் அந்த வீட்டில் நுழைய முடியாது போலிருந்தது. கதவைத் திறந்தவள் அவர் மனைவி காவேரி. வஹிதாவைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"வாங்க. நானே கூப்புடணும்னுதான் இருந்தேன். பாருங்க இந்தக் கொடுமைய."

டேபிளின் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு கிடந்தது. நோயாளியை மூடி வைப்பது போல மூடியிருந்தார்கள். வஹிதா விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து மொத்தமாக உருவினாள்.

உரிந்துதான் கிடந்தது. வெங்காயச் சருகு மாதிரி தோல் தோலாக எழும்பி நின்றது. பாத்திரம் வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம். ஜன்னலோரம் இருந்த பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. உரியாத இடங்களோ பளபளவென்று மின்னின. அவள் தன் முகத்தையே அதில் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான் போட்டதில் முகம் தெரியாதே.

கட்டைவிரல் நகத்தை ஒரு சருகுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். சத்தமே இல்லாமல் கழன்று வந்தது. அதற்குக் கீழே அவளுடைய டேபிள் இருந்தது. மங்கலாக, மெத்தென்று, தேக்கின் வரிகளோடு, வைகாசியில் எப்படி விட்டுவிட்டுப் போனாளோ அப்படியே. விரலால் அழுத்தித் தேய்த்தாள். நகத்தால் கீறினாள். அசையவில்லை.

"இது என்னுது இல்ல" என்றாள்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து பிரபாகர் இறங்கி வந்தார். லுங்கியும் பனியனுமாக, கையில் பேப்பரோடு. "உரிஞ்சப்புறம் எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார். "மண்டியில வித்தை காமிச்சு என்னய ஏமாத்திட்ட. தக்காளிக்கு ஆவாது, டீக்கு ஆவாதுன்னு கதை வுட்ட. கடைசில ஆறு மாசம் தாங்கல."

"இது என்னுது இல்லீங்க சார். என் கோட்டுக்கு மேல யாரோ லாக்கர் அடிச்சிருக்காங்க. யாரு அடிச்சது?"

பிரபாகர் பேப்பரை மடித்தார். மனிதருக்கு அது மறந்துபோயிருக்க முடியாது. ஆனால் அவர் வாய் திறக்கும் முன்னால் காவேரி சொல்லிவிட்டாள்.

"உங்க அர்ச்சுனன்தாங்க வந்து அடிச்சுட்டுப் போனாரு. நீங்கதான அனுப்புனீங்க?"

வஹிதா நெம்பி எடுத்த சருகை டேபிள் மேல் வைத்தாள். "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"கிரகப்பிரவேசம் முடிஞ்ச மக்யா நாளு. கிரகப்பிரவேசத்தன்னிக்கு வந்தவங்க ஒருத்தர் பாக்கியில்ல, வந்து கைய வெச்சுத் தடவிப் பாத்துட்டு, 'டேபிளு நல்லாத்தான் இருக்குது, இன்னும் பாலிஷ் போடலையா'ன்னாங்க. எங்க நாத்தனா ஒரு படி மேல போயி, 'காசு பத்தலையா, நான் வேணா தரட்டுமா'ன்னுட்டா. இவருக்கு மானம் போயிருச்சு. பாலிஷுன்னா மின்னணுமே, மின்னலையேன்னு அர்ச்சுனனக் கூப்புட்டாரு. அவரு ஒரு டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துகிட்டு வந்தாரு. வஹிதாம்மாவுக்குத் தெரியுமான்னு நான் கேட்டேங்க. அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், அவங்கதான் கலந்து குடுத்தாங்கன்னாரு."

பி.யூ. இறுகிய பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது. ஒட்ட வேண்டுமானால் முதலில் உப்புத்தாள் போட்டு நன்றாகக் கீற வேண்டும். அர்ச்சுனனுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், அவன் மரவேலைக்காரன். பெரிய மனிதர் கூப்பிட்டதும் இல்லை என்று சொல்ல வாய் வராமல் வந்திருக்கலாம். அதையெல்லாம் வஹிதா அந்த நிமிஷமே மன்னித்திருப்பாள், மன்னித்துவிட்டு ஒரு மணி நேரம் திட்டியிருப்பாள். ஆனால் அவங்கதான் கலந்து குடுத்தாங்க என்றானாமே. காலையில் மழையைச் சொன்னானே. ஈரத்தைச் சொன்னானே. இழைத்த மரத்தையே இழைத்துக்கொண்டு நின்றானே.

கோபம் வந்தால் வஹிதாவின் கை இன்னும் சுத்தமாக வேலை செய்யும்.

"அடுப்பு எரியுதுங்களா?" என்று காவேரியிடம் கேட்டாள்.

"சோறு வெந்துகிட்டு இருக்குது."

"அணைச்சுடுங்க. ஜன்னலெல்லாம் தொறந்து வுடுங்க. சாமி வெளக்கு எரிஞ்சா அதையும் அமத்திடுங்க. இது தீப்புடிக்கும்."

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். நீளத்தை அளந்து நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் பக்கமும் அளந்து இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒட்டுத் தாளை நூல் பிடித்தது போல ஒட்டினாள். வேஸ்ட் துணியில் தின்னரை ஊற்றி, ஜன்னல் பக்கத்துப் பாதியில் தேய்க்க ஆரம்பித்தாள்.

லாக்கர் இளகி, துணியோடு சுருண்டு வந்தது. துணி அழுக்கானதும் எறிந்துவிட்டு வேறு துணி எடுத்தாள். வாசனை வீடு முழுக்கப் பரவியது. பிரபாகர் லுங்கி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, மரம் போயிரப்போவுது" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"பாலிஷுன்னா மின்னணுமாம். யாரு சொன்னது? பாலிஷுங்கறது மரத்தக் காப்பாத்தறதுக்கு. நீங்க தக்காளிய மினுக்குப் பாத்தா வாங்குறீங்க? அமுக்கிப் பாத்துத்தான வாங்குறீங்க? இதுக்கு மட்டும் கண்ணு போதுமா? அஞ்சு துண்டயும் நீங்களே சுரண்டிப் பாத்துட்டுத்தான சரின்னீங்க. அதுல ரெண்டாவதா தோத்துச்சே லாக்கரு, அதயே என் பி.யூ. மேல பூசியிருக்கீங்க. யாரோ ஒருத்தி 'இன்னும் போடலையா'ன்னு கேட்டதுக்காக."

பிரபாகருக்குத் தன்னிடம் இப்படிப் பேசுகிற ஆட்கள் பழக்கமில்லை. "மரியாதையாப் பேசும்மா" என்றார்.

"மரியாதையாத்தாங்க பேசிகிட்டு இருக்கேன். இல்லாட்டி எப்படிப் பேசுவேன்னு ஊர்ல கேட்டுப் பாருங்க."

காவேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தின்னர் வாசனைக்காக மட்டும் இல்லை.

பாதி டேபிள் முடிந்தது. ஈரத்துணி, காய்ந்த துணி என்று இரண்டு முறை துடைத்தாள். ஒரு பக்கம் மங்கலாக, ஒரு பொட்டுக் குறையில்லாமல் தேக்கு. மறுபக்கம் சருகும் வட்டமுமாக மினுமினுப்பு. வாசனை முழுதாகப் போகும்வரை காத்திருந்து, பிறகு காவேரியை அடுப்பு மூட்டச் சொல்லி, தளதளவென்று கொதிக்கிற ரசச் சட்டியை வாங்கினாள். தன் பாதியின் மேல் அதை வைத்து நூறு எண்ணினாள். எடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபாதியில் வைத்தாள். இருபது எண்ணுவதற்குள் எடுத்தாள். சட்டியின் அடிப்பாகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

பிரபாகர் குனிந்து, முதலில் அங்கே தடவினார், பிறகு இங்கே தடவினார். நகத்தால் சுரண்டினார், வைகாசியில் மண்டியில் செய்தது போலவே.

"தின்னருக்கே போவலையே" என்றார் மெதுவாக.

"போவாதுன்னு சொன்னேனுங்களே. அர்ச்சுனனக் கூப்புடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பொறுக்க முடியாமல் அவனே வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றான். டேபிளைப் பார்த்தான். நடுவில் ஓடிய கோட்டைப் பார்த்தான். அதற்கு மேல் அவனுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சார் ரொம்பக் கட்டாயப்படுத்துனாருக்கா. ஒரே ஒரு கோட்டுதான்..."

"நான் அதக் கேக்கல. என் பேரச் சொன்னியா?"

அவன் வாசற்படியைப் பார்த்தான். "சொன்னேன்."

"உரிஞ்சப்ப உன் பேரச் சொன்னியா?"

அவன் வாசல் நிலையைக் கையால் தடவினான்.

"நிர்மலா மேடம் காலைல போன் பண்ணி, அந்தம்மா பாலிஷு வேணாம்னு சொன்னாங்களே. அப்பவாச்சும்?"

"எப்படிக்கா சொல்றது? சொன்னா மொத்த வேலையும்..."

"பூசறப்பவும் என் பேரு. உரியறப்பவும் என் பேரு." பன்னிரண்டு வருஷத்தில் அவனை அவள் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை. "உன் பேரு எப்பத்தான்டா வரும்?"

அர்ச்சுனன் உள்ளே வந்து, தரையில் கிடந்த துணியை எடுத்தான். தின்னர் கேனை எடுத்து, மீதிப் பாதியைத் துடைக்கக் குனிந்தான். வஹிதா அவன் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள்.

"அது இருக்கட்டும்."

"ஏம்மா, பாதியோட வுட்டா எப்படி?" என்றார் பிரபாகர். "முழுசா எடுத்துடு. என்ன வேணுமோ குடுத்துடறேன்."

"எனக்கு எதுவும் வேணாங்க. என்னுது எதுவோ அத நான் எடுத்துட்டேன். அந்தப் பாதி என்னுதில்ல."

"நாளைக்கு வூட்டுக்கு வர்றவங்க கேப்பாங்களே, ஏன் பாதி இப்படி, பாதி அப்படின்னு."

"கேக்கட்டுங்க. இன்னும் பாலிஷ் போடலையான்னு கேட்டாங்கள்ல, அதே வாயிதான். இதயும் கேக்கட்டும். நீங்க பதில் சொல்லுங்க. இத்தன நாளா என் பேரு இந்த வூட்ல உரிஞ்சு கெடந்துச்சு. இதுவும் ஒரு ஆறு மாசம் கெடக்கட்டும்."

பிரபாகர் மனைவியைப் பார்த்தார். துணைக்கு வருவாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. காவேரியோ பூப்போட்ட விரிப்பை நாலாக மடித்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "கேட்டா நான் சொல்லிக்கறேன். உங்க தங்கச்சி வந்தா அவளுக்கு மொதல்ல சொல்றேன்."

கேட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கார்த்திகைக்குள் அந்தப் பாதி டேபிளின் கதை மண்டிக்குப் போய், மண்டியிலிருந்து லோடு ஏறி, எங்கெங்கேயோ போய்விட்டது. வழியில் கொஞ்சம் கோணிக்கொள்ளவும் செய்தது. ஏரியூரிலிருந்து ஒருவர் போன் செய்து, "பாதி டேபிளுக்கு மட்டும் பாலிஷ் போடுவாங்களே, அந்த அம்மாங்களா?" என்று கேட்டார். "பாதி இல்லீங்க, முழுசாத்தான் போட்டேன்" என்று வஹிதா கத்திய கத்தலில் அந்த மனிதர் வேலை கொடுக்காமலேயே வைத்துவிட்டார்.

நிர்மலா போன் செய்யவில்லை, நேரிலேயே போய்ப் பார்த்தாள். காரிமங்கலத்தில் சந்தைக்குப் பக்கத்தில் ஓட்டல் ஆரம்பிக்கப் போகிறவள். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டாள். பிரபாகர் வீட்டு டேபிளின் நடுக்கோட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை அந்தப் பாதியிலும் ஒரு கையை இந்தப் பாதியிலும் வைத்துப் பார்த்தாளாம். அங்கிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

"தப்பா நெனச்சுட்டேங்க. பாலிஷ் நீங்களே போடுங்க. இந்த மேட்தான் வேணும்."

"போடறேங்க" என்றாள் வஹிதா. "மரவேலைக்கு மட்டும் வேற ஆள் பாத்துக்குங்க."

கொட்டகையின் மறுகோடியில் அர்ச்சுனன் இருந்தான். அவன் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. அடுத்த வாரம் அவன் தன் உளிகளையும் இழைப்புளிகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு இடம் பார்த்துப் போய்விட்டான். போர்டில் அவன் பேரை அவள் அழிக்கவில்லை. அதை எட்டி அழிக்க ஏணி வேண்டும், ஏணி அவனுடையது என்று நூர் பாஷாவிடம் காரணம் சொன்னாள்.

நிர்மலாவின் டேபிள்களை ஏரியூர் மாதேஷ் செய்தான். நல்ல பையன், வேகமான கை, சொன்ன தேதிக்குக் கொடுத்தான். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நூல் இடைவெளி. வஹிதா முதல் டேபிளைப் பார்த்ததும் அவனைத் திட்டினாள். இரண்டாவதைப் பார்த்ததும் அர்ச்சுனனைத் திட்டினாள், அவன் அங்கே இல்லாமலேயே. பிறகு உட்கார்ந்து, பதினெட்டு டேபிளின் எல்லா மூட்டுகளுக்கும் மரத்தூளில் பட்டி குழைத்து அடைத்து, காயவிட்டு, தேய்த்து, அதன் மேல் நான்கு கோட் பி.யூ. போட்டாள். யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. அவள் விரலுக்கு மட்டும் தெரியும்.

ஓட்டல் தை மாதம் திறந்தது. சந்தை நாள். முதல் பந்தியிலேயே இடமில்லை. வஹிதா கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, சாம்பார் சிந்துகிற ஒவ்வொரு டேபிளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலை டேபிளில் அர்ச்சுனன் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாள். நிர்மலா எல்லோரையும்தான் கூப்பிட்டிருந்தாள். அவன் இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு, டேபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நடு டேபிளில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இலைக்குக் காத்திருந்தார். உள்ளங்கையால் டேபிளை இரண்டு தடவை தடவினார். கல்லாவில் இருந்த நிர்மலாவைப் பார்த்து, "கடை நல்லா இருக்குதும்மா. டேபிளுக்கு இன்னும் பாலிஷ் போடலையா?" என்றார்.

வஹிதாவுக்குச் சுரீரென்று ஏறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது.

"போட்டாச்சுங்க." அர்ச்சுனன் எழுந்து நின்றிருந்தான். "இதுதாங்க பாலிஷு. மின்னாது. வஹிதாக்கா போட்டது. இதுக்கு மேல எதயாச்சும் பூசுனா உரிஞ்சு போயிரும். பாலக்கோட்ல பிரபாகர் சார் வூட்டு டேபிள் அப்படித்தாங்க உரிஞ்சுது. அதுல பூசுனது நான். அக்காவுக்குத் தெரியாது. நான்தான் அவங்க பேரச் சொல்லிப் பூசுனேன்."

யாரும் அவனை அவ்வளவு கேட்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். பரிமாறுகிறவன் சட்னி வாளியோடு நின்றுவிட்டான்.

வஹிதா நேராக மூலை டேபிளுக்குப் போனாள். மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது. அவன் ஒத்துக்கொண்டது மொத்தமே நாலு வாக்கியம். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. இதை ஐப்பசியில் அந்தக் காலையில், இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருந்தால் என்ன?

"இவ்ளோதானடா?" என்றாள். "இதச் சொல்றதுக்கா இத்தன நாளு?"

"சொல்லிட்டேன்க்கா" என்றான் அவன். இந்த முறை மரத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துச் சொன்னான்.

அவள் அவன் வலது கையைப் பிடித்து இழுத்து, அவன் கட்டைவிரலை டேபிள் ஓரத்து மூட்டின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இதப் பாரு. தெரியுதா?"

அவனுக்குத் தெரிந்தது. அவன் விரலுக்குத் தெரியாமல் இருக்குமா? "ஒரு நூல் இருக்கும்க்கா" என்றான்.

"பதினெட்டு டேபிளு. ஒவ்வொண்ணுலயும் எட்டு மூட்டு. அத்தனைக்கும் உக்காந்து பட்டி வெச்சேன்." அவள் குரல் ஓட்டல் முழுக்கக் கேட்டது, உடைந்தும் போனது. "உன்னாலதான்டா."

பரிமாறுகிறவன் மெதுவாக அடுத்த டேபிளுக்குச் சட்னி ஊற்றப் போனான். அர்ச்சுனன் மூட்டின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. அவளும் அவன் கையை விடவில்லை.